ஒரே புத்தகம், மூணு அட்டை

எம்.ஏ. படிப்பதும் ஒரு தொழில்தான். புத்தகம் வாங்காமல் படிப்பது அதில் தனித் திறமை. அதில் அடிபட்ட அன்பர்களே, நம்ம கதையைக் கேளுங்க. எழுபதுகளின் கடைசியில் குரும்பலூரிலிருந்து பஸ் பிடித்து அரியலூரில் பொருளாதாரம் படித்தேன். புள்ளியியல் பேராசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார்: புத்தகம் இல்லாதவன் வகுப்புக்குள் வரக் கூடாது; வருகை குறைந்தால் பரீட்சை கிடையாது. புத்தகமோ தலையணை மொத்தம். அப்பாவைக் கேட்டால் கரும்பு வெட்டு முடியட்டும் என்றார். அதற்குள் பரீட்சையே முடிந்துவிடும்!

கடையில் ஓசி நகல்

பெரம்பலூர்ப் புத்தகக் கடையில் ஒரு பிரதி இருந்தது. சாயங்காலம் பஸ் மாறும்போது வாங்கப் போகிறவன் மாதிரி புரட்டுவேன். முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டில் நகல் எடுப்பேன். கையால் எழுதினாலும் புத்தகம் புத்தகம்தானே? ஒரு வாரம் இப்படியே ஓடியது. எட்டாம் நாள் கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காந்தே எழுதுங்க தம்பி. எச்சில் தொட்டு மட்டும் திருப்பாதீங்க, அதை ஒருத்தர் காசு குடுத்து வாங்கணும்ல."

கோழிகளுக்கு நடுவே

மானம் போனதும் கல்லூரி நூலகத்துக்குத் தாவினேன். அங்கேயும் ஒரே பிரதி. இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்தால் அடுத்தவன் கொத்திக்கொண்டு போவான். விடுவேனா? கொடுத்த கையோடு அலமாரியிலிருந்து உருவி, ஒருத்தரும் தொடாத கோழி வளர்ப்புப் புத்தகங்களுக்கு நடுவே செருகிவிட்டேன். மறுநாள் போனால் அது நூலகர் மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

"ஏந் தம்பி, கோழிகளுக்கு நடுவுல வச்சா குஞ்சு பொரிக்கும்னு நெனச்சீங்களா?"

பங்கு பிரித்தோம்

கடைசியில் கூடப் படித்த எறையூர் செல்வராசு, ஜெயங்கொண்டம் காதர், நான் மூன்று பேரும் சேர்ந்து ஒன்று வாங்கினோம். பைண்டரிடம் கொடுத்து மூன்றாகப் பிரித்து, ஆளுக்கொரு அட்டை போட்டோம். எனக்கு நடுப் பாகம். வகுப்பில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

ஒரு மாதம் கழித்து, பேராசிரியர் என் புத்தகத்தைக் கையில் எடுத்தார். கனமே இல்லை. வெளியே போடா என்றால் பரீட்சை அவ்வளவுதான், ஒரு வருசம் வீண். மற்ற இருவர் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"எங்க காலத்துலயும் மூணு பேருதான்டா. நடுப் பாகத்தோட ஒருத்தன் சிங்கப்பூர் போயிட்டான். அடுத்த வாரம் அதை நடத்தணும், உன்னுதை ரெண்டு நாளு குடுத்துட்டுப் போ."

எம்.ஏ. தேறிவிட்டேன், ஆனால் இன்றுவரை புள்ளியியலில் எனக்கு ஆரம்பமும் தெரியாது, முடிவும் தெரியாது, நடுவில் கேட்டால் மட்டும் வெளுத்துக் கட்டுவேன்.