பார்டரில்தான் இருந்தது

என் தம்பியின் மண்டையை உடைத்தவள் நான்தான். குக்கர் மூடியால் அடித்தேன். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

நெல்லித்தோப்பில் ஒரே வீட்டில் கீழே அவன் குடும்பம், மாடியில் நான். துறைமுகத்தில் ஐஸ் பாளம் ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு. சின்ன வயதிலிருந்தே வாய்க்கு முன்னால் கை பேசும். பைக்கில் உரசிப் போனவனைத் துரத்திப் பிடித்துப் பல்லை உடைத்திருக்கிறான். கல்யாணமானதும் அந்தக் கை வீட்டுக்குள் வந்தது.

துறைமுகத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “சுகர் இன்னும் வரல, பார்டர்ல இருக்கு. பிரஷர் அதிகம். பெரிய டாக்டரப் பாருங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் காதில் விழுந்தது முதல் பாதிதான். “எனக்கு சுகர் இல்லியாம்!” என்று ஒரு பெட்டி ஜாங்கிரியோடு வந்தான்.

அவன் மனைவி அதைத் தொடவில்லை. மில் வேலை பார்த்த அவள் அப்பா டயாலிசிஸில் கிடந்து போய்ச்சேர்ந்தவர். “எங்கப்பாவுக்கும் மொதல்ல பார்டர்னுதான் சொன்னாங்க, அண்ணி” என்றாள் என்னிடம். மறுநாளிலிருந்து சோற்றைக் குறைத்தாள், குழம்பில் உப்பைக் குறைத்தாள், அவன் வாங்கி வைத்த கலர் பாட்டில்களைச் சாக்கடையில் கொட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அடி வாங்கினாள். மறுபடியும் கொட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே தட்டு சுவரில் மோதும் சத்தம் கேட்டது. இறங்கி ஓடினேன். அவள் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து, முகத்தைக் கதவு நிலையில் மோதிக்கொண்டிருந்தான். உதடு கிழிந்து ரத்தம் கழுத்துவரை வழிந்தது.

“இன்னாடி, எனக்கே அளந்து போடுறியா?”

“விடுடா அவள!” என்று இழுத்தேன். முழங்கையால் என் நெஞ்சில் ஒரு இடி. அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்திருந்த குக்கர் மூடி கைக்குக் கிடைத்தது. ஓங்கிப் போட்டேன்.

“அக்கா...” என்றான், நம்ப முடியாதவனைப் போல. அப்படியே உட்கார்ந்தான். கண் இரண்டும் ரத்தத்தில் மூடிக்கொண்டன.

துண்டால் தலையை இறுக்கிக் கட்டி அவனை ஆட்டோவில் ஏற்றினேன். அவளையும் கூப்பிட்டேன். “நான் தனியாப் போய்த் தையல் போட்டுக்குறேன். அப்பிடியே அரியாங்குப்பத்துல அம்மா வீட்டுக்குப் போறேன்” என்று பையை எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட வந்தவரின் சட்டையைப் பிடித்தான். காவலுக்கு இருந்த இரண்டு பேர் அவனைக் கட்டிலோடு அழுத்தினார்கள். பிரஷர் எகிறியிருந்ததால் ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்குப் போயின. சாயங்காலம் டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார்.

“சிறுநீர்ல புரதம் போகுது. கிட்னி சரியா வேலை செய்யலன்னு ரத்தமும் காட்டுது.”

“சுகரே இல்லன்னாங்களே டாக்டர்?”

“பார்டர்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்லம்மா. சிலருக்கு அப்பவே கிட்னி கெட ஆரம்பிச்சிடும். இவருக்குப் பிரஷர் வேற. வலி மாத்திரை எதாவது போடுறாரா?”

“முதுகு வலிக்குத் தெனமும் போடுவான்.”

“அதை இன்னையோட நிறுத்துங்க. இதுதான் காரணம்னு ஒண்ண மட்டும் கைகாட்ட முடியாது. மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாத்தாத்தான் இது நிரந்தரமான்னு தெரியும்.”

நான் போய்ச் சொன்னதும் கையில் குத்தியிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தான். ரத்தம் தெறித்தது. “பொய்! எல்லாம் பொய்!” என்று கட்டில் கம்பியில் குத்தினான். அவன்மேல் விழுந்து இரண்டு கையையும் பிடித்தேன். அவ்வளவு பெரிய உடம்பு எனக்குக் கீழே நடுங்கியது.

“மாமா மாதிரியா, அக்கா?”

மாமனாரை டயாலிசிஸுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான்.

அதன் பிறகு அடங்கினான் என்று சொல்ல மாட்டேன். உப்பில்லாத குழம்பைச் சுவரில் அடித்திருக்கிறான். ஆனால் அடுத்த வேளை அதையேதான் தின்றான். வலி மாத்திரையை விட்டான். ஐஸ் தூக்குவதையும் விட்டு, ஒரு ஓட்டலில் வாட்ச்மேன் ஆனான். சர்க்கரை பார்டருக்குக் கீழே இறங்கியது. மறுபரிசோதனையில், கிட்னி கெட்டது கெட்டதுதான், இதற்குமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா.

அந்தச் செய்தியோடு மனைவியை அழைத்துவர என் ஸ்கூட்டரில் அரியாங்குப்பம் போனோம். அவள் கதவைத் திறக்கவில்லை, ஜன்னலைத் திறந்தாள். மேல் உதட்டில் தழும்பு இருந்தது.

“மாத்திரைய ஒழுங்காப் போடு. கண்டதத் தின்னாத” என்றாள். “நான் வர மாட்டேன்.”

“நான் மாறிட்டேன்டி!” என்று கத்தி, இரும்புக் கேட்டில் குத்தினான். மறுபடியும் குத்தினான். விரல் முட்டிகள் கிழிந்தன.

“பாத்துக்குங்க அண்ணி” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

“ஏறுடா” என்றேன். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். பாலத்தைத் தாண்டும்போது அவன் கையிலிருந்த ரத்தம் என் ரவிக்கையில் ஊறுவது தெரிந்தது.