படுக்கை போட்ட வேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு வாடகை வீட்டில் நான் தனியாக இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு பிரெஞ்சு ராணுவத்தில் வேலை. எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்பார்கள். சொல்தாவுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்றதும் பிளேன், பிரான்ஸ், பென்ஷன் என்று எல்லோரும் கண்ணை விரிப்பார்கள். நடுவில் எத்தனை மாசம் ஒற்றை ஆளாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

அவருக்கு அப்பா அம்மா இல்லை. என் அப்பா மில் தொழிலாளி. நெல்லித்தோப்பில் ஒரே அறை வீடு, எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். "கட்டிக்குடுத்த பொண்ணு வந்து உக்காந்துக்கினா தெருவுல ஆயிரம் பேசுவாங்கடி" என்று அம்மா சொல்லிவிட்டாள். தவிர, நான் காவல் காக்க ஒரு வேன் இருந்தது.

அந்த வேன் அவருடைய ஆசை. கல்யாண லீவில் வந்தபோது ஏலத்தில் ஒரு பழைய ஆம்புலன்ஸை எடுத்தார். பட்டறையில் கொடுத்து உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றிவிட்டு, ஃபோம் மெத்தை போட்ட கட்டில், மடக்கு மேசை, ஸ்டவ் வைக்க ஒரு மேடை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை என்று ஒரு குட்டி வீடாகவே மாற்றினார். பிரான்ஸில் வக்கான்ஸ் விட்டால், அதாவது லீவு விட்டால், குடும்பம் குடும்பமாக இப்படி வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டு, அதிலேயே படுத்து ஊர் சுற்றுவார்களாம். தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஒரே ஒரு தடவைதான் போனோம். கடலூர் தாண்டி, கடலோரமாக. உள்ளே படுத்தால் புழுக்கம் தாங்கவில்லை. கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டு மணலில் பாய் விரித்துப் படுத்தோம். அவர் சிரித்தார். "குளிர் ஊருக்குச் செஞ்ச யோசனை, இங்க வேகுது. அடுத்த லீவுக்குள்ள நீ இத எப்படியாச்சும் குளுகுளுன்னு ஆக்கி வெய்யி. கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வரலாம்."

அவர் விளையாட்டாகச் சொன்னது. தை மாசம் அவர் போன பிறகு, எனக்கென்று அவர் விட்டுப்போன ஒரே வேலை அதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டை ஒட்டிய காலி மனையில் வேன் நின்றது. பங்குனி பிறந்ததும் வெயில் ஏறத் தொடங்கியது. பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடிக்கும். ஃபோம் மெத்தை ஒரு மாதிரி ரப்பர் வாடை விடும். பலகையெல்லாம் ஓரம் விரிந்து நிற்கும். எனக்குப் பயமாகிவிட்டது. அவர் வந்து திறக்கும்போது எல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தால் என்ன சொல்வது?

கோணிச் சாக்குகளை நனைத்து ஜன்னல்களில் தொங்கவிட்டேன். அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுவேன். காலையில் மேல்காற்று காய்ந்துபோய் வீசும்போது நன்றாகத்தான் இருந்தது. மதியத்துக்கு மேல் கடல் ஈரம் காற்றில் ஏறிவிட்டால் சாக்கு காயவே காயாது. உள்ளே சூடும் போகாமல், ஈரமும் போகாமல், சோறு வடித்த சமையலறை மாதிரி நசநசவென்று இருக்கும். பத்து நாளில் மெத்தையில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்துவிட்டது. வீட்டிலிருந்து ஒயர் இழுத்து டேபிள் ஃபேன் வைத்தேன். அது அனலைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. கூரைமேல் ஏறிச் சுண்ணாம்பு அடித்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் சொல்ல ஆள் இல்லை. சில நாள் சாயங்காலம் நினைத்துப் பார்த்தால், அன்றைக்கு முழுக்க நான் வாய் திறந்து ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன்.

அப்படி இருந்த என்னிடம் முதலில் வாயைக் கிளறியது ஒரு மீன்காரி அக்கா. குருசுக்குப்பத்திலிருந்து கூடை சுமந்து வருவாள். என்னைவிட ஏழெட்டு வயசு பெரியவள் இருப்பாள். கறுத்து, நெடுநெடுவென்று, இடுப்பில் செருகிய சுருக்குப் பையோடு. நான் சாக்கை நனைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னா சொல்தாவூட்டம்மா, வண்டிக்கு ஜுரமா? பத்து போட்டுக்கினு கீற?" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அவள் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னாள். தென்னங்கீற்றைக் கூரைமேல் பரப்பிவிட்டால் சில்லென்று ஆகிவிடுமாம். இருவருமாகப் பரப்பினோம். கீற்றுக்கு அடியில் சூடு அடைந்து, உள்ளே முன்னைவிட மோசமாகிவிட்டது. எறும்பு வேறு. மூன்றாம் நாள் அடித்த காற்றில் பாதிக் கீற்று பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லைக்குப் பறந்துபோனது. "என் யோசனையக் கேட்டவன் எவனும் உருப்பட்டதில்ல" என்று அவளே சொல்லிக்கொண்டாள். பிறகு நாலு கம்பு நட்டு, கூரைக்கும் கீற்றுக்கும் நடுவில் கை நுழைகிற அளவு இடைவெளி விட்டுப் பந்தல் போட்டோம். அதில் கொஞ்சம் சூடு தணிந்தது.

அதிலிருந்து வியாபாரம் முடிந்து திரும்பும்போது அந்தப் பந்தல் நிழலில் வேன் படியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுப் போவாள். நான் மோர் கொடுப்பேன். அவள் புருஷன் மீன்பிடிக்க ஆந்திராப் பக்கம் போனவன், மாசக்கணக்கில் வரமாட்டான். "எம் புருசன் கடல்ல. உம் புருசன் கடலுக்கு அந்தாண்ட. நாம ரெண்டு பேரும் கரையில உக்காந்துக்கினு வண்டிக்கு விசிறுறோம்" என்பாள்.

சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம், லீவில் வந்த இன்னொரு சொல்தா என்னைத் தேடி வந்தார். என் வீட்டுக்காரரோடு வேலை செய்பவர். வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய ஒரு காப்பித் தூள் டப்பாவைக் கொடுத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். என் வீட்டுக்காரரை ஆப்பிரிக்காவுக்கு மாற்றிவிட்டார்களாம். இரண்டு வருஷம். அங்கே குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. என்னை பிரான்ஸுக்கு அழைத்துக்கொள்ளும் வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான். "உங்ககிட்ட நேர்ல சொல்லச் சொன்னான்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். காப்பி சாப்பிடுகிறீர்களா என்றுகூடக் கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. முகம் கழுவவில்லை. பக்கத்து வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். இருமினால்கூட அங்கே கேட்கும். வாய்விட்டு அழ இடம் வேண்டும் என்று வேனுக்குள் போனேன். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கக்கூடாதென்று ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஏற்றினேன். பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மெத்தையில் முகத்தைப் புதைத்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுதபடியே தூங்கிவிட்டேன் போல.

விழித்தபோது தலைக்குள் உலக்கையால் இடிக்கிற மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் தீயாய்க் காய்கிறது, ஆனால் ஒரு பொட்டு வியர்வை இல்லை. எழுந்தால் வேன் சுற்றியது. தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தேன். இத்தனை நாள் ஈரத்தில் துருவேறிப்போயிருந்த தாழ்ப்பாள் அசையவில்லை. இறுக்கிப் பிடிக்க விரல் மடங்கவில்லை. ஜன்னலுக்குத் திரும்ப உடம்பு கேட்கவில்லை. கூப்பிட வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த பயம் சாவைப் பற்றியதில்லை. ஊர் என்ன சொல்லும் என்றுதான். புருஷன் வரமாட்டான் என்று சேதி வந்த மறுநாளே கதவைச் சாத்திக்கொண்டு செத்துப்போனாள் என்பார்கள். என் தங்கைகளை யார் வந்து பெண் கேட்பார்கள்? அம்மா யாருக்குப் பதில் சொல்வாள்? இதையெல்லாம் நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஒன்றும் இல்லை.

கண்ணாடி உடையும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. பிறகு யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள். முதுகு படியில் உரசிய வலி தெரிந்தது. அடுத்த நொடி தலையில், கழுத்தில், நெஞ்சில் என்று சில்லென்று ஏதோ கொட்டியது. மூக்கு முழுக்க மீன் கவிச்சி. மீன்காரி அக்கா கூடையிலிருந்த மீனையெல்லாம் மண்ணில் கவிழ்த்துவிட்டு, அடியிலிருந்த அலுமினியச் சட்டியில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரை என்மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த ஐஸ் துண்டுகளைப் பொறுக்கி என் அக்குளில் திணித்தாள். "கண்ண மூடாத. என்னப் பாரு. ஏ, என்னப் பாரு" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். என் புடவையெல்லாம் ரத்தம். மீன் ரத்தம் என்று நினைத்தேன். அவள் கை. என் வீட்டு அம்மிக் குழவியால் பின்கதவு ஜன்னலை உடைத்து, உடைந்த கண்ணாடி வழியாகவே கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்திருக்கிறாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கிழித்துவிட்டிருந்தது.

சைக்கிள் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் கைக்குத் தையல் போட்டார்கள். மீன் வாடைக்குப் பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைச் சுளிக்க, அவள் பாட்டுக்கு என் கட்டில் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். சேதி கேட்டு அம்மா ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தவில்லை. குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "ஏண்டி இப்படி செஞ்சிக்கின?" என்றாள்.

நான் பதில் சொல்லும் முன் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "அவ ஒண்ணும் செஞ்சிக்கல. வண்டி தொடைக்கப் போனா. தாப்பா துரு புடிச்சி மாட்டிக்கிச்சி. நான்தான் என் கையால தொறந்தேனே, எனக்குத் தெரியாதா? யாராச்சும் வேற மாதிரி பேசுனா என்னாண்ட வரச் சொல்லு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் ஊரில் ஒருவரும் வேறு விதமாகப் பேசவில்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்தது நிஜம். ஆனால் அன்றைக்கு உள்ளே போகும்போது என் மனசு எப்படி இருந்தது என்று எனக்கே இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. அவள் அதைக் கேட்கவே இல்லை.

அம்மா மருந்து வாங்கப் போனபோது, அந்த மொட்டை வெயிலில் நீ ஏன் திரும்பி வந்தாய் என்று அவளைக் கேட்டேன். அவள் கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "காலையில ரெண்டு தடவ கூவுனேன். நீ கொரல் குடுக்கல. சர்தான், கடைக்குப் போயிருப்பன்னு போயிட்டேன். மூலக்குளம் வரைக்கும் போயிட்டேன். வியாபாரம் ஓடல. மனசு இங்கியே கீது. திரும்பி வந்து பாத்தா ஊட்டுக் கதவு தொறந்து கெடக்குது, நீ இல்ல. வண்டியாண்ட செருப்பு கெடந்திச்சி."

மண்ணில் கொட்டிய மீன் என்ன ஆனது என்று பிறகு கேட்டேன். காக்காய்க்கும் பூனைக்கும் அன்றைக்கு விசேஷம் என்றாள்.

வீட்டுக்கு வந்த மறு வாரம், குப்பத்திலிருந்து தன் மச்சான்மார்களைக் கூட்டி வந்தாள். பின்கதவு இரண்டையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். வேனைத் தள்ளி, பின்பக்கம் கிழக்கைப் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்தினார்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்ததும் நேராக உள்ளே வந்து ஜன்னல் வழியாக வெளியே போனது. பூசணம் பிடித்த மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாய் விரித்தேன். இரண்டு வருஷம் அந்த வேனில் உட்கார்ந்துதான் தையல் பழகினேன், பிரெஞ்சு எழுத்துக் கூட்டிப் படித்தேன். அக்கா வந்தால் படுத்துக் குறட்டை விடுவாள். தனிமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மறுநாள் காலையில் ஒருத்தி வருவாள் என்று தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார். கதவில்லாத வேனைப் பார்த்து என்ன ஆச்சு என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் குருசுக்குப்பம் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று இருவருமே என்னிடம் சொல்லவில்லை. வேனை விற்றோம். நான் பிரான்ஸ் போனேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவளைப் பார்ப்பேன். கடைசியாகப் போனபோது அவள் இல்லை. அவள் மகள்தான் அம்மா போய்ச் சேர்ந்ததைச் சொன்னாள்.

என் வீட்டுக்காரரும் போன பிறகு, இங்கே பிரான்ஸில் ஐந்தாவது மாடியில் மறுபடியும் நான் ஒற்றை ஆள். கீழ் மாடியில் என்னைப் போலவே தனியாக ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருக்கிறாள். பால் வாங்க இறங்கும்போது அவள் கதவைத் தட்டி, "பொன்ழூர் மதாம்" என்பேன். உள்ளேயிருந்து குரல் வந்தால்தான் மிச்சப் படி இறங்குவேன். எதற்குத் தினமும் தட்டுகிறாய் என்று ஒரு தடவை கேட்டாள். என் பிரெஞ்சில் அதைச் சொல்லி முடியாது என்பதால் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு மூலக்குளத்திலிருந்து வெயிலில் திரும்பி நடந்து வந்தாளே ஒருத்தி, அவளால்தான் நான் இந்த வயது வரை வந்து இன்னொருத்தியின் குரலுக்காகக் கதவருகே நிற்கிறேன் என்று தினமும் படியிறங்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.