இடுப்பில் சுற்றிய முகூர்த்தப் பட்டு

எங்கள் பட்டுக் கடையில் புடவையை விரித்துக் காட்டினால் மட்டும் வியாபாரம் ஆகாது. விற்பவனே இடுப்பில் சுற்றி, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மீசை வைத்த நான் கட்டிப் பார்க்காத நிறமே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

குடலில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்த பிறகு, மலம் போவதற்கு வயிற்றின் இடப்பக்கம் ஒரு துளையும் அதன்மேல் ஒட்டிய பையும் வந்து சேர்ந்தன. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்தான். ஆனால் பை எப்போது கசியும் என்று யார் கண்டது? யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் பட்டில் என் கறை பட்டுவிட்டால்? நினைத்தாலே வியர்க்கும். வியர்த்தால் கசிவோ என்று கழிவறைக்கு ஓடுவேன். கடைசியில் உள்ளறையில் புடவை மடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன ஆடியில் மருத்துவமனையில் புதிதாக ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பைக்கு அடியில் தோலோடு ஒட்டும் மெல்லிய வில்லை. பசைக்குள் ஈரம் புகுந்தால், வெளியே கசியும் முன்பே கைப்பேசி அதிரும்.

"இது வேற ரோதனையா?" என்றேன்.

"நீ ஓடி ஓடிப் பாக்கறதவிடவா? ஒட்டிக்கினு போய்யா," என்றாள் மனைவி.

ஆவணி பிறந்ததும் கடையில் கூட்டம் நெரிந்தது. ஆள் போதாமல் முதலாளி என்னை முன்னால் கூப்பிட்டார். தாமலிலிருந்து வந்த கல்யாண வீட்டார். மணப்பெண்ணின் அத்தை ஓர் அரக்குப் புடவையை என்னிடம் நீட்டினார்.

"கட்டிக் காட்டுப்பா. அப்பதான தெரியும்."

வயிற்றை விட்டு விலக்கித் தளர்வாகச் சுற்றினேன். முந்தானையைத் தோளில் போடும்போது சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது.

புடவையை அவிழ்த்து மணப்பெண்ணிடம் கொடுத்து, "தோ வந்துடறேம்மா," என்று கழிவறைக்குப் போனேன். பசையின் ஓரத்தில் நகக்கண் அளவு ஈரம், அவ்வளவுதான். சட்டை உலர்ந்தே இருந்தது. புடவை பட்ட இடமெல்லாம் உலர்ந்தே இருந்தது. அந்தச் சின்ன அறையில் தனியாக நின்று சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன். எத்தனை மாதப் பயம்! புதுப் பையை ஒட்டிக்கொண்டு திரும்பினேன்.

வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். காத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா போய்ட்ட? தொளதொளன்னு கட்டினா எப்டித் தெரியும்? நல்லா இழுத்துச் சொருவு," என்றார் அத்தை.

கொசுவத்தை மடித்து, பையின் மேலேயே இழுத்துச் சொருகினேன்.