கம்பி கட்டிய கொளுக்கி

அன்று காற்று அடங்கவில்லை, கடலும் அமரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல்காரன் சபையில் சாட்சி சொல்ல எழும்பினால் அலை ஓய்ந்த கதைதான் வரும் என்று நம் ஆட்கள் காத்திருப்பார்கள். என் சாட்சியில் அலை ஓயவில்லை. என் பிழையால் ஒரு மனுசர் சாகப் பார்த்தார். நான் கூப்பிட்டேன், ஆண்டவர் கேட்டார். ஆனால் அவர் கேட்ட விதத்தை நான் ஒருமுறை மாற்றிச் சொன்னேன். அதனால்தான் இந்த முறை எழுதியே தருகிறேன்.

என் பெயர் சாமுவேல். திருகோணமலைத் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் இழுவைப் படகு ஓட்டினேன். நாங்கள் அதை டக் என்போம். பெரிய கப்பல்களை உள்ளே கொண்டுவருவதும், தேயிலைப் பெட்டி ஏற்றிய பார்ஜ் என்கிற தட்டைப் படகுகளை இழுத்துப்போய்க் கப்பலோடு அணைப்பதும் எங்கள் வேலை. நான் தண்டையல், படகுக்குப் பொறுப்பு. சுக்கான் என் கையில். கீழே எஞ்சின் அறையில் கிண்ணியா காசிம் காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர். பின்தட்டில் கயிறு பார்க்கிறவன் சல்லியைச் சேர்ந்த வேலாயுதம். மூன்று பேரும் மூன்று சாமியைக் கும்பிட்டோம், ஒரே கேத்தலில் தேத்தண்ணி குடித்தோம்.

கீழே இருக்கிறவருக்கு வெளியே நடக்கிறது ஒன்றும் தெரியாது. நான் மேலேயிருந்து மணிக்கயிற்றை இழுப்பேன். ஒரு மணி அடித்தால் ஓடு, இன்னொன்று அடித்தால் நில், இரண்டு சேர்த்து அடித்தால் பின்னுக்கு. அவர் அந்த மணியை மட்டும் நம்பி எஞ்சினைத் திருப்புவார்.

இனிக் கொளுக்கி. பின்தட்டின் நடுவில் ஒரு கட்டையில் இரும்புக் கொளுக்கி இருக்கும். இழுக்கிற கயிறு அதில்தான் மாட்டியிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு பிடி. ஆபத்து வந்தால் அந்தப் பிடியைத் தட்டவேண்டும். கொளுக்கி வாய் திறக்கும், கயிறு போய்விடும், டக் தப்பும். டக்காரனின் உயிர் அந்தப் பிடியில் இருக்கிறது என்றால் கூட்டிச் சொல்வதாக நினைக்காதீர்கள்.

எங்கள் டக்கில் அந்தப் பிடி தேய்ந்துபோயிருந்தது. ஒரு ஐப்பசியில் கொட்டியாரக் குடாவில் பார்ஜ் ஒன்றை இழுத்துப் போகையில், அலை தூக்கிப் போட்டதில் பிடி தானாகத் தட்டுப்பட்டுக் கொளுக்கி திறந்துவிட்டது. பார்ஜ் தன்பாட்டில் போய்ப் பாறையில் ஏறியது. ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் தேயிலை நனைந்தது, என் மானமும் போனது. அதற்குப் பிறகு சந்தையில் என்னைக் கண்டால் போதும், "என்ன தண்டையல், கொளுக்கி பூட்டியிருக்கோ?" என்று கேட்பார்கள். மீன் விற்கிறவன்கூடக் கேட்டான். நான் முன்கோபக்காரன். எனக்கு அது முள்ளாய்க் குத்தியது.

பிடியைத் திருத்தித் தரச் சொல்லித் துறைமுக அலுவலகமான கந்தோரில் கேட்டால் நாளாகும் என்றார்கள். ஒரு நாள் காலை குறடு எடுத்து, பிடியைக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினேன். கம்பி கையைக் கிழிக்காமல் மேலே சாக்குத் துண்டு சுற்றினேன். இனி நானே நினைத்தாலும் கொளுக்கி திறக்காது. அன்று காலையும் வழக்கம்போல முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்தப் படகைக் காத்தருளும்" என்று ஜெபித்துவிட்டுத்தான் அந்தக் கம்பியை முறுக்கினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காசிம் காக்கா தேத்தண்ணி குடிக்க மேலே வந்தவர் அதைக் கண்டார்.

"தண்டையல், இது சரியில்ல. கழட்டுங்க."

வேலாயுதமும் படகு கட்டுகிற ஜெட்டியில் வேலை செய்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எஞ்சின் உங்கட வேலை, காக்கா. மேல்தட்டு என்ர வேலை. கீழ இருக்கிறவருக்கு மேல என்ன தெரியும்?"

அவர் கோப்பையை வைத்தார். "மேல பிழை போனா முதல்ல மவுத்தாகிறது கீழ இருக்கிறவன், தண்டையல். அது எனக்குத் தெரியும்" என்றார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நாங்கள் கதைக்கவில்லை. மூன்று கிழமை, இருபத்தொரு நாள். தேத்தண்ணியும் அவர் கீழேயே குடித்தார். நான் மணி அடிப்பேன், அவர் எஞ்சினைத் திருப்புவார். வேலை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. நான் ஞாயிறு தோறும் சபையில் முன்வரிசையில் இருந்து பாடினேன். காக்காவோடு கதைக்காதது என் ஜெபத்துக்குள் ஒரு நாளும் வரவில்லை.

மார்கழி மாதம், நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு கிழமை இருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். வெளியிலிருந்து வந்த சரக்குக் கப்பல் ஒன்றை உள்துறைமுகத்துக்குள் எடுக்கிறோம். முன்பக்கம் வேறொரு டக், பின்பக்கம் நாங்கள். கப்பலின் பின்புறம் பாறைப் பக்கம் சரியாமல் இழுத்துப் பிடிக்கவேண்டும். பலநூறு தடவை செய்த வேலை.

துறைமுக வாயில் குறுகல், இரண்டு பக்கமும் கல். நீரோட்டம் ஒரு பக்கம், வாடைக்காற்று ஒரு பக்கம். திடீரென்று மழையோடு ஒரு காற்று இறங்கியது. முன்னே நின்ற டக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. கப்பல் பாறைக்குப் போகாமலிருக்க, அதில் நின்று வழிகாட்டுகிற பைலட் வேகத்தைக் கூட்டினார். அவர் செய்தது சரி. அவர் இடத்தில் நான் நின்றாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் கப்பல் முன்னுக்குப் பாய, எங்கள் கயிறு குறுக்கே விழுந்தது. முரண்டு பிடிக்கிற ஆட்டைக் கழுத்துக் கயிற்றில் குறுக்கே இழுத்தால் எப்படிச் சரியும்? அப்படிச் சரிந்தோம்.

ஊதலைப் பிடித்து ஊதினேன். அந்தக் காற்றில் கப்பலுக்குக் கேட்கவில்லை. சுக்கானை முழுக்கத் திருப்பினேன், படகு கேட்கவில்லை. வலப்பக்கத் தட்டு தண்ணீருக்குள் போய்விட்டது. மேலே நிற்கிற நானும் வேலாயுதமும் கடலில் விழுவோம், நீந்தத் தெரியும். எஞ்சின் அறைக் கதவு வலப்பக்கம். அதற்கு மேலே கடல் ஏறி நின்றது. மணியை விடாமல் அடித்தேன். விடாமல் அடித்தால் மேலே ஓடி வா என்று அர்த்தம். எந்தக் கதவால் வருவது? கீழேயிருந்து அவர் இரும்பால் கதவை இடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம். பிறகு சத்தமில்லை.

வேலாயுதம் கொளுக்கிக் கட்டையை ஒரு கையால் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "தண்டையல், கம்பியெல்லோ! கம்பி!" என்று கத்தினான்.

நான் பயந்தேன். கடலுக்கு அல்ல. கிண்ணியாவில் அந்த மனுசரின் வீட்டு வாசலில் போய் நின்று நான் என்ன சொல்வேன் என்று பயந்தேன். நீளமாக ஜெபிக்க நேரமில்லை. வாய் விட்டுச் சொன்னேன்: "ஆண்டவரே, என்ர பிழைக்கு அவர் சாகக்கூடாது."

சொன்ன மறுகணம் என் வாயிலிருந்து, "அடியடா! பிடியை அடி!" என்று வந்தது. ஏன் அப்படிக் கத்தினேன் என்று தெரியாது. கம்பி என்று எனக்குத் தெரியும். நானே குறடு பிடித்து முறுக்கியது. வேலாயுதத்துக்கும் தெரியும். இருந்தும் அவன் காலைத் தூக்கி ஒரு உதை உதைத்தான்.

கொளுக்கி திறந்தது.

கயிறு பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டு போனது. டக் ஒரு தரம் மறுபக்கம் சரிந்து, பிறகு நிமிர்ந்தது. கப்பல் அந்த வேகத்திலேயே வாயிலைக் கடந்து உள்ளே போய் நங்கூரம் போட்டது, அதற்கும் ஒரு சேதமில்லை. எஞ்சின் அறைக் கதவு திறந்தது. இடுப்புவரை நனைந்து, நெற்றியில் இரத்தத்தோடு காசிம் காக்கா வெளியே வந்தார். நான் சுக்கானைப் பிடித்தபடி அழுதேன். ஒளித்து அழவில்லை, சத்தமாகவே அழுதேன்.

வேலாயுதம் கொளுக்கியடியில் குந்தியிருந்து சாக்கை விலக்கிப் பார்த்தான். "தண்டையல், இது கம்பியில்லை. நூல்" என்றான்.

வலை பின்னுகிற நூல். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. அலை ஆட்டத்துக்குப் பிடியை அசையாமல் பிடிக்கும். ஓங்கி ஒரு அடி விழுந்தால் அறும்.

"ஆர் மாத்தினது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் காசிம் காக்கா. "இண்டைக்குச் சுபஹு தொழுதிட்டு வெளிய வந்து பார்த்தா, மானம் நல்லாயில்ல, கறுத்துக் கிடக்குது. முதல் பாதையில கடந்து வந்து, நீங்க வரமுந்திக் கம்பிய வெட்டி, நூலக் கட்டி, சாக்க மேல சுத்தி வெச்சன்."

சுபஹு என்றால் விடியற்காலைத் தொழுகை; பாதை என்றால் கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கிற மிதவை. மற்ற நாளில் அவர் இரண்டாவது பாதையில்தான் வருவார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை, காக்கா?"

"சொன்னா விடுவீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும்.

"மூணு கிழமையா மணிதானே அடிக்கிறீங்க. மணியில இத எப்பிடிச் சொல்லுற?" என்று கேட்டுச் சிரித்தார். நெற்றியில் இரத்தம் வழிய வழியச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்து, "என்னை மன்னியுங்கோ" என்றேன். "அத விடுங்க தண்டையல், முதல்ல தேத்தண்ணிய ஊத்துங்க" என்றார்.

இவ்வளவோடு முடித்தால் நல்ல சாட்சி. ஆனால் அந்த ஞாயிறு நான் சபையில் எழும்பி நின்றபோது என்ன சொன்னேன் தெரியுமா? "கூப்பிட்டேன், கொளுக்கி தானாகத் திறந்தது" என்றேன். கம்பி கட்டியதைச் சொல்லவில்லை, நூலைச் சொல்லவில்லை, காசிம் காக்காவின் பெயரைச் சொல்லவில்லை. ஒருபக்கம் என் பிழையை மூடினேன். மறுபக்கம், கிண்ணியாக்காரர் ஒருவர் சுபஹு தொழுதுவிட்டு வந்து செய்ததைச் சபையில் சொன்னால் அற்புதம் குறைந்துபோகும் என்று நினைத்தேன். எல்லோரும் தோத்திரம் சொன்னார்கள். சிலர் அழுதார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ரோசலின் சோறு போட்டாள். அவளுக்கு நடந்தது முழுக்கத் தெரியும், செவ்வாய் பின்னேரமே சொல்லியிருந்தேன். குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏனப்பா, கடவுளைப் பெரிசாக்க நீங்கள் பொய் சொல்லவேணுமோ?"

சோற்றைப் பாதியில் விட்டு எழும்பினேன். திங்கட்கிழமை துறைமுகக் கந்தோருக்குப் போய்க் கம்பி கட்டினது நான்தான் என்று சொன்னேன். நான்கு மாதம் சுக்கானிலிருந்து இறக்கிக் கயிறு இழுக்க விட்டார்கள். அது நியாயம். அடுத்த ஞாயிறு மறுபடி எழும்பி நின்று, முழுவதையும் உள்ளபடி சொன்னேன். இந்த முறை தோத்திரம் அவ்வளவு வரவில்லை. முடிந்து வெளியே வந்தபோது சபைப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "அப்ப தம்பி, இது அற்புதமில்லையே. அந்த மனுசன் செய்த வேலைதானே?"

அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நான் கூப்பிட்டது பத்து மணிக்கு. பதில் ஏழு மணிக்கே படகில் ஏறிவிட்டது. வானத்தைப் பார்க்கவைத்து ஒரு மனுசரை முதல் பாதையில் ஏற்றியது யார்? என்னை ஏசிவிட்டு வீட்டில் படுத்திருக்க அவருக்கு உரிமை இருந்தது. கம்பி என்று தெரிந்தும், "அடி" என்று கத்த எனக்கு வாய் தந்தது யார்? கொளுக்கி தானாகத் திறந்திருந்தால் நான் அதே முன்கோபக்காரனாக, அதே முன்வரிசையில் இருந்து பாடிக்கொண்டிருப்பேன். ஆண்டவர் காக்காவைக் காப்பாற்றினார். என்னையும் அவர் கையாலேயே காப்பாற்றினார். இதற்கு மேல் எனக்கு என்ன அற்புதம் வேண்டும்?

அதன் பிறகு இன்னும் ஒன்பது வருடம் நானும் அவரும் ஒரே டக்கில் ஓடினோம். காலையில் முதலில் கீழே இறங்கி, "காக்கா, மேல ஏதும் பிழை தெரியுதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சுக்கானைத் தொடுவேன். பாதிநாள் ஏதாவது ஒன்று சொல்லுவார். எனக்குப் பாதிநாள் கோபம் வரும். இருந்தும் செய்வேன்.

இதை வாசிக்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு நாள் தட்டு தண்ணீருக்குள் போகும். அப்போது பயப்படாமல் கூப்பிடுங்கள், அவர் கேட்கிறவர். நான் கண்டவன் சொல்கிறேன். ஆனால் அந்த நாள் வரமுந்தி, நீங்கள் கதைக்காமல் விட்டிருக்கிற ஆளிடம் ஒருதரம் போய் வாருங்கள். நீங்கள் வானத்தைப் பார்த்துக் கேட்கிற பதில் அவர் கையில் இருக்கக்கூடும். எனக்கானது மூன்று கிழமையாக என் காலடியில், எஞ்சின் அறையில், தனியே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.