பஸ் நின்ற கதையை யார் படிக்கிறார்கள்?

வலைப்பூ தொடங்கும் பிள்ளைகள் என்னைக் கேட்பது ஒன்றுதான்: "ஆன்ட்டி, எப்படி விடாம எழுதுறீங்க?" விட்டுவிடப் பார்த்தவள்தான் நானும். என் வலைப்பூவில் போடாத அந்தக் கதையை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

1. கவுண்டர்

எங்கள் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் கியூசி, அதாவது தரம் பார்க்கும் வேலை பார்த்தேன். வரும் பொருளை டெஸ்டர் மெஷினில் வைத்து, நல்லதை அனுப்பிவிட்டு, கெட்டதை ரிஜெக்ட் தட்டில் போட வேண்டும். ஓய்வு பெற்றதும் ஜெலுத்தோங் வீட்டில் கை சும்மா இருக்க மறுத்தது. மகள் ஒரு வலைப்பூ திறந்து கொடுத்தாள். கேன்டீன் சண்டை, சிடுமூஞ்சி சூப்பர்வைசர், ஃபேக்டரி பஸ் என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பதிவு எழுதினேன்.

ஆரம்பத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். போகப் போக என் தம்பி மட்டும்தான் "படிச்சேன்லா, சூப்பர்" என்பான். "என்ன எழுதியிருந்தேன், சொல்லு?" என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவான்.

பிறகு, எந்தப் பதிவை எத்தனை முறை திறந்தார்கள் என்று காட்டும் கவுண்டரில் ஒரு வினோதம். புதிய பதிவுகளை யாரும் சீண்டவில்லை. 'பாலத்தில் நின்ற பஸ்' என்ற பழைய பதிவு மட்டும் காலையில் ஏறும், மாலையில் மறுபடி ஏறும். எங்கள் வேலையில் ஒரு மெஷின் ஒரே ரீடிங்கைத் திரும்பத் திரும்பக் காட்டினால் சந்தோஷப்பட மாட்டோம். சென்சார் சிக்கிக்கொண்டது என்று லைனை நிறுத்துவோம். மகளும், "ஏதாச்சும் ரோபோ தானா திறக்குதும்மா" என்றாள். மனுஷர் படிக்காததை மெஷினுக்காக எழுதுவானேன்? வருத்தத்தோடுதான் அறிவிப்புப் போட்டேன்: இந்த மாதக் கடைசியோடு வலைப்பூவை மூடுகிறேன்.

2. லெட்சுமி அக்கா

மறுநாள் காலை லெட்சுமி அக்காவிடமிருந்து போன் வந்தது. டெஸ்டரில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர். அவர் கணவர் மணியம் அண்ணன்தான் எங்கள் ஃபேக்டரி பஸ்ஸை ஓட்டியவர். அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு யாரும் வர வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார்.

"பத்மா, நீ மூடிட்டா இவரு எதப் படிப்பாருலா?"

"அண்ணனா? என் வலைப்பூவையா?" என்றேன்.

"பேச்சு பழக்குற மிஸ்ஸி நல்லவங்கதான். ஆனா குடுத்த அட்டையெல்லாம் மலாய்ல இருக்கு. வீட்டுக்கு ரூமா, காருக்கு கெரேத்தான்னு. இவரு தமிழ்ப்பள்ளில படிச்சவரு. தமிழ்லயே சத்தமா எதாச்சும் படிக்கட்டும்னு அவங்களே சொன்னாங்க. பேப்பர் குடுத்தேன், தூக்கிப் போட்டாரு. உன் பஸ் கதைய காட்டுனேன். அதுல அவரு பேரு இருக்குல்ல? அதுலேருந்து காலைலயும் சாயங்காலமும் அதான்."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லாதேன்னு கைய ஆட்டிட்டாரு. வெக்கம்."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். துக்கமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

3. புக்கிட் மெர்தாஜாம்

மறுநாளே ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, புக்கிட் மெர்தாஜாமில் அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு காலத்தில் லாரிக்காரர்களையே சத்தம் போட்டு ஒதுங்க வைத்த மனுஷர் அவர். அக்கா காப்பியை வைத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் என் பக்கம் திரும்பாமலேயே படிக்கத் தொடங்கினார்.

"பா...லத்தில்... பஸ்... நின்...றது."

'மழை' சுலபமாக வந்தது. 'பயணிகள்' வரவில்லை. நான் எடுத்துக்கொடுக்க வாய் திறந்தேன். அக்கா என் முழங்காலை அழுத்தினார். காப்பி ஆறிப்போன பிறகு 'பயணிகள்' வந்தது.

பாதியில் அண்ணன் போனைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"இல்ல."

"என்ன இல்லண்ணே?"

"பாலம்... இல்ல." கழுத்து நரம்பு புடைத்தது. "டோ... டோல். டோல்!"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நானும் இந்த ஊரிலேயே குடியிருந்து, பாலம் தாண்டி அந்த பஸ்ஸில் வேலைக்குப் போன காலம் அது. பஸ் நின்றது பாலத்தின் நடுவில் அல்ல, பாலம் ஏறும் முன்னால் டோல் சாவடியில். கியூசி வேலை பார்த்தவள் தப்பாக எழுதியிருக்கிறேன்! அண்ணன் ஒரு பக்க வாயால் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"பத்மா," என்றார் மெதுவாக. "டோலுன்னு நீ எழுதவே இல்லையே. சீக்கு வந்ததுலேருந்து, 'இல்ல' தவிர, இவரு சொந்தமா சொன்ன மொத வார்த்த இது."

4. பிள்ளைகளுக்கு

திரும்பி வரும்போது ஃபெர்ரியிலேயே அறிவிப்பை எடுத்துவிட்டேன். கவுண்டரைப் பார்ப்பதையும் விட்டேன். ஊருக்கெல்லாம் எழுதினால் சீக்கிரம் களைத்துப்போவீர்கள். யாராவது ஒருவருக்கு எழுதுங்கள். அவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் வெள்ளிக்கிழமை தானாக வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன், அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். இப்போது ஒவ்வொரு பதிவிலும் வேண்டுமென்றே ஒரு தப்பை வைக்கிறேன். பஸ்ஸின் நிறத்தை மாற்றுவேன், அல்லது அவர் நாசி லெமாக் சோறு வாங்கிய கடையை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவேன். ஆயுசு முழுக்க ரிஜெக்ட் பொறுக்கியவள், தெரிந்தே ஒரு ரிஜெக்ட்டை உள்ளே விடுகிறேன்.

சனிக்கிழமை காலை போன் அடிக்கும்.

"பத்மா... தப்பு."

"அப்படியா? எங்கண்ணே?" என்பேன். அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.