இருபத்திரண்டாம் பெட்டி

எங்கள் அண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவான். பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். இழுத்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று இன்னொரு தரம் வருவான். நான் அவனைவிட ஆறு வயது இளையவள். ஒரே வீட்டில் பிறந்தோம், ஒரே கல்லூரியில் வேலை பார்க்கிறோம். அவன் கணினித் துறை ஆய்வகத்தில், நான் தேர்வுப் பிரிவில் தட்டச்சு. காலையில் ஒரே பஸ். அந்த அரை மணி நேரமும் அவன் கவலைகளைக் கேட்டே என் காது புளித்துப்போயிற்று.

ஆய்வக உதவியாளர் என்பது அவன் பதவி. உதவியாளராவது மண்ணாவது! விரிவுரையாளர் வகுப்பில் பலகை நிறைய நிரல் எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதைப் பிள்ளைகள் ஆய்வகத்தில் அடித்து, ஓடாமல், சிவப்பில் பத்து வரி பிழை வந்து விழிக்கும்போது பக்கத்தில் நிற்பவன் எங்கள் அண்ணன்தான். யார் விசைப்பலகையையும் அவன் தொடமாட்டான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூன்றாவது வரியை வாய்விட்டுப் படி என்பான். பாதி படிக்கும்போதே பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு தானே திருத்திவிடும். நான் அடித்துக் கொடுத்தால் எனக்குத்தானே வரும் என்பான். பதினோரு வருஷத்தில் எத்தனை நூறு பேருக்கு அப்படி வந்தது என்று கணக்கில்லை. அவன் மட்டும் இன்னும் ஒப்பந்த ஊழியன்தான்.

அந்த ஆய்வகத்தில் முப்பத்தாறு கணினிகள். மேலே திரைகள், கீழே அடுத்தடுத்துப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு எண் ஒட்டியிருக்கும். ஒரு பெட்டியை அணைத்துப் போட்டால் அதிலிருந்த பிள்ளையின் வேலையெல்லாம் துடைத்தாற்போல் போய்விடும், அடுத்த வகுப்புக்குச் சுத்தமாய் நிற்க வேண்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். சர்வரில் சேவ் செய்தது மட்டும் தப்பிக்கும். அதனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அண்ணன் மேசை மேசையாய் வந்து, “சேவ் பண்ணிட்டீங்களா?” என்று கேட்பான். பிள்ளைகள் வைத்த பேர் சேவ் அண்ணன். நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

இந்த வருஷம் அவனை நிரந்தரமாக்கும் கோப்பு ஒருவழியாக நகர்ந்தது. துறைத்தலைவர் நல்ல மனிதர், அவர்தான் தள்ளிக்கொண்டு போனார். கோப்பு நியமனக் குழுவின் முன் போயிருந்த வாரத்தில் இறுதியாண்டு செய்முறைத் தேர்வும் வந்தது. அண்ணனுக்குக் கேட்க வேண்டுமா? குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தான்.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம் எல்லாப் பெட்டியையும் ஓடவிட்டுக் காது வைத்துக் கேட்டிருக்கிறான். இருபத்திரண்டில் மின்விசிறி கரகரவென்றது. அந்தச் சத்தத்தில் எந்தப் பிள்ளைக்காவது கவனம் சிதறினால்? அதையும், பக்கத்தில் இருந்த இருபத்துமூன்றையும் வெளியே இழுத்து, தூசி தட்டி, எண்ணெய் விட்டு, திரும்ப உள்ளே தள்ளினான். தள்ளும்போது இடம் மாறிவிட்டது. எல்லாப் பெட்டியும் ஒரே அச்சு, ஒரே கறுப்பு. ஒட்டிய எண்ணைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்து ஒயரைச் சொருகிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தான். அன்றைக்குத்தான் அபூர்வமாக வயிறு நிறையச் சாப்பிட்டான்.

மறுநாள் இருபத்துமூன்றாம் இடத்தில் உட்கார்ந்தவள், இந்த ஒரு தாளை இரண்டு தரம் கோட்டைவிட்ட பெண். மற்றதெல்லாம் நல்ல மதிப்பெண். தேர்வு என்றால் மட்டும் பயம். ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுத்துவிட்டார்கள், மாதக் கடைசிக்குள் தேர்ச்சிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அண்ணன் ஒரு மாதமாக மாலை நேரத்தில் அவளை உட்காரவைத்து, பயப்படாதேம்மா என்று சொல்லிக்கொடுத்தான். யார் யாருக்குச் சொல்வது பாருங்கள்.

தேர்வு தொடங்கிப் பத்து நிமிஷத்தில் அண்ணன் வழக்கம்போல் வாயைத் திறந்தான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவனைக் கூப்பிட்டு, தேர்வு நேரத்தில் சத்தம் போட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள், பேசாமல் ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார். நின்றான். மூன்று மணி நேரத் தேர்வில் இரண்டு மணி நேரம் போன பிறகு, இருபத்திரண்டாம் இடத்துப் பையன் கையைத் தூக்கினான். திரை உறைந்துவிட்டது, எல்லாம் சேவ் செய்துவிட்டேன், அணைத்துப் போடுங்கள் என்றான். அண்ணன் அவனிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். குனிந்தான். இருபத்திரண்டு என்று எழுதிய பெட்டியைப் பார்த்தான். பட்டனை அமுக்கினான்.

பையனின் திரை உறைந்தபடியே இருந்தது. பக்கத்துத் திரை கறுத்துவிட்டது.

அந்தப் பெண் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம். இரண்டு மணி நேரம் அடித்ததில் ஒரு வரிகூட சர்வருக்குப் போகவில்லை. மிச்ச நேரத்தில் முதலிலிருந்து அடித்தாள், பாதிகூட வரவில்லை. என்ன நடந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் விதியில் இதற்கு வழி இருக்கிறது. ஊழியர் தவறால் வேலை அழிந்தால் ஒரு வாரத்துக்குள் மறுதேர்வு. கருவியோ மின்சாரமோ காரணம் என்றால் மாணவர் சேவ் செய்திருக்க வேண்டும், அடுத்த பருவம்தான், ஆறு மாதம். எது என்று சொல்வது ஆய்வகத்திலிருந்து வரும் அறிக்கை.

அண்ணன் துறைத்தலைவரிடம் உள்ளதைச் சொன்னான். என்னிடமும் வந்து சொன்னான், முகத்தில் ரத்தமே இல்லை. சற்று நேரத்தில் துறைத்தலைவரே ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். மின் ஏற்ற இறக்கம் காரணமாக, என்று ஆரம்பித்திருந்தது. கோப்பு குழு முன்னால் இருக்கிறது, பதினோரு வருஷம், யோசித்துப் பாருங்கள் என்றார். நான் யோசிக்கவே இல்லை. அடித்தேன். அடியில் ‘தட்டச்சு செய்து சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். பஸ்ஸில் இதைச் சொன்னதும் அண்ணன் வாயைத் திறக்கப் பார்த்தான்.

“அண்ணா, நீ ஒண்ணும் பேசாத. இருக்கிற இடம் தெரியாம இரு, போதும்.”

இரண்டு நாள் அப்படித்தான் இருந்தான். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைப்பான், எழுந்து போய்விடுவான். எனக்கு எரிச்சலாக வந்தது. யாருக்காக இதைச் செய்தேன் என்று தெரிய வேண்டாமா? அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆறு மாதம்தானே, வேறு வேலை கிடைக்காமலா போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவளே என் ஜன்னலுக்கு வந்தாள். அடுத்த பருவத் தேர்வுக்கு விண்ணப்பம் வேண்டும். கண் வீங்கியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள், சேவ் அண்ணன் எத்தனை தடவை சொல்லியிருப்பார், நான்தான் கேட்கவில்லை, அவர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வருகைப் பதிவேட்டைக் கொடுக்க வந்த அண்ணன் அவளுக்குப் பின்னால் நின்றான். கண்ணைக் காட்டினேன். தலையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

“இங்க பாரும்மா, உன்மேல தப்பில்ல. பட்டன அமுக்கினது நான்தான். பெட்டிய மாத்தி வெச்சதும் நான்தான்.”

அவள் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

“ரெண்டு நாளா ஏண்ணா சொல்லல?”

அண்ணன் பதிவேட்டை என் ஜன்னலில் வைத்தான். வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன என்று நான் மனதுக்குள் அவனுக்காகப் பதில் சொல்லிக்கொண்டேன். அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, எழுதித் தருகிறேன் என்றான். நான் தடுத்தேன், சட்டையைப் பிடித்துக்கூட இழுத்தேன். அவன் எழுதி, மடித்து, என்னிடம் தராமல் நேரே மாடிக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் கொண்டுபோய்விட்டான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவனோடு நான் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுதேர்வு நடந்தது. அண்ணனை உள்ளே விடவில்லை, வேறு துறையிலிருந்து ஆள் வந்தார்கள். அவன் மூன்று மணி நேரமும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் தேறிவிட்டாள். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனாள்.

குழுவின் முடிவு அதற்குப் பிறகு வந்தது. கடிதம் அடிக்க வேண்டியவள் நான், அதனால் முழுக் கோப்பும் என் மேசைக்கு வந்தது. பெட்டியை மாற்றி அமுக்கியதைக் குழு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் நேரக்கூடிய கைத்தவறு, பதினோரு ஆண்டில் முதல் முறை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். நிரந்தரம் மறுக்கப்பட்டதற்கும், அடுத்த மாத முடிவோடு ஒப்பந்தம் நிறுத்தப்பட்டதற்கும் காரணம் வேறு: தேர்வுப் பிரிவுக்குத் தெரிந்தே பொய்த் தகவல் தந்தது.

அப்போதுதான் அவன் எழுதின தாளைப் புரட்டினேன். அடித்தல் திருத்தல் இல்லை. பெட்டி மாறியது, பட்டன், அந்தப் பெண்ணுக்கு மறுதேர்வு வேண்டும் என்பது எல்லாம் இருந்தது. கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: ‘மின் ஏற்ற இறக்கம் என்று முதலில் வாய்மொழியாகச் சொன்னது நானே. துறைத்தலைவருக்கும், அறிக்கையைத் தட்டச்சு செய்தவருக்கும் உண்மை தெரியாது.’

மற்றதெல்லாம் உள்ளபடி எழுதிவிட்டு, அதை மட்டும் பொய்யாக எழுதியிருக்கிறான். அந்த இரண்டு நாளும் அவன் என்ன யோசித்துக்கொண்டிருந்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. தேர்வறிக்கையில் தெரிந்தே பொய்யாகக் கையெழுத்துப் போட்டால் எங்கள் பிரிவில் வேலை நிற்காது. அதை அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒப்பந்த நிறுத்தக் கடிதத்தைப் பிழையில்லாமல் அடித்தேன். ‘தட்டச்சு செய்து சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மாடியில் கட்டுப்பாட்டாளர் அறை, இருபது படி. ஏறிப் போய், எனக்கு அன்றே தெரியும் ஐயா என்று சொல்ல வேண்டும். நாலு மாதமாகிறது. இன்னும் போகவில்லை.