நடுக்கதவின் தாழ்ப்பாள்

என் அப்பாவை எனக்குப் பிடிக்கும். அவர் பெயிண்ட் அடித்ததை மட்டும் மன்னிக்கவே மாட்டேன். ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. மிஷினுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டைப் பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்குக் கொண்டுவருவார். பழையதைச் சுரண்டுவது கிடையாது. கதவு, கீல், தாழ்ப்பாள், திருகாணித் தலை எல்லாவற்றின் மேலும் ஒரே இழுப்பு. அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் அண்ணன் பிரஷ்ஷைப் பிடித்தான். பச்சையின் மேல் காப்பிக்கலர். என்ன ரசனையோ, கண்றாவி!

அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என் மனைவியை "ஏட்டி" என்று கூப்பிட்டுத் திட்டினான் அண்ணன். "இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொன்னேன். மடவார் வளாகத்தில் இருந்த அப்பாவின் வீட்டை இரண்டாகப் பிரித்தோம். அம்மா அவன் பக்கம் தங்கிவிட்டாள். தினமும் தெரு வழியாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள்.

போன மழைக்கு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். அவளால் வர முடியாது. நான் போக மாட்டேன். அப்போதுதான் இரண்டு பாதிக்கும் இடையே அடைத்துக்கிடந்த நடுக்கதவு ஞாபகத்துக்கு வந்தது. அது அப்பா வைத்த கதவு, அண்ணன் வாசல் ஆகாது. தாழ்ப்பாளும் என் பக்கம்தான் இருந்தது. ஆனால் பெயிண்ட் ஏறி ஏறி அது கட்டையோடு கட்டையாக ஒட்டிக்கிடந்தது.

"என்ன வீம்போ! தெருவுல இறங்கி நாலு எட்டு வைக்க வலிக்குதாக்கும்" என்றாள் மனைவி.

"நீ சும்மா கெட" என்றேன். அவளுக்காகத்தானே இந்தச் சண்டை!

உள்ளூர்க் கடைக்காரன் அண்ணனுக்குச் சேக்காளி, உடனே போய்ச் சொல்லிவிடுவான். அதனால் ராஜபாளையம் வரை வண்டியில் போய்ப் பெயிண்ட் ரிமூவர் வாங்கிவந்தேன். தடவினால் பெயிண்ட் தோசைபோலக் கொப்பளித்தது. கூடவே என் விரலும் கொப்பளித்தது. காப்பிக்கலரை வழித்தால் பச்சை, அதை வழித்தால் இன்னொரு பச்சை. திருகாணிப் பள்ளங்களை ஊசியால் நோண்டினேன். உள்ளூர் மில்லில் என் ஷிப்ட் முடிந்து வந்ததும் தினமும் இதே வேலை. அப்பாவையும் அண்ணனையும் மாறிமாறி வைதேன். ஒருவழியாக இரும்பு தெரிந்தது. எண்ணெய் விட்டுச் சுத்தியலால் தட்டினேன். தாழ்ப்பாள் நகர்ந்தது.

இழுத்தேன். கதவு வரவில்லை. அந்தப் பக்கமும் தாழ்ப்பாள் போட்டிருந்தது. "பாவிப் பயல்" என்று கத்தி, கதவில் ஓங்கி ஒரு உதை விட்டேன்.

"அவன ஏம்லே வைய்யுதே?" அம்மாவின் குரல். "நாந்தான் உங்க மதினிய விட்டு இந்தப் பக்கம் புதுசா ஒரு தாழ்ப்பாப் போடச் சொன்னேன். நீ சுரண்டுத சத்தத்தக் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கேன். நான் பெத்த பிள்ள என்னப் பாக்கக் களவாணி மாதிரியா வரணும்? ஊரறியத் தெரு வழியா வா. இல்லன்னா, பொறவு என்னத் தூக்கிட்டுப் போகும்போது வா."

கையைக்கூடக் கழுவாமல் தெருவில் இறங்கினேன். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"கையில என்னலே நாத்தம்?"

"நீ அடிச்ச பெயிண்டுதான்" என்று சொல்லிவிட்டு, அவன் வாசலை மிதித்து உள்ளே போனேன்.